நீ ஒளித்து வைத்த சத்தங்கள்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் அறைக்குப் போய், அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய போர்வைக்கு அடியில் நீ வைத்துவிட்டுப் போன அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்தேன். பல்கூட விளக்கவில்லை. பெட்டியின் வாயை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருந்தாய். நம் பனியன் கம்பெனியில் ஏற்றுமதிப் பெட்டிகளை ஒட்டுகிற அதே டேப். நகத்தால் கிழிக்க வரவில்லை. அரிவாள்மனையில் வைத்து அறுத்தேன். உள்ளே என் மணி சொல்லும் கைக்கடிகாரம் இருந்தது. டம்ளர் நிரம்பும்போது கூவுகிற கருவி இருந்தது. கம்ப்யூட்டரின் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு ஓரமாக இருந்தன. எவ்வளவு நேர்த்தியாக அடுக்கியிருக்கிறாய்! சின்ன வயதில் ஒரு நாளாவது உன் புத்தகப் பையை இப்படி அடுக்கியிருப்பாயா?

உன்னைக் கண்ணு என்று கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். இந்தக் கடிதத்தில் அந்த வார்த்தை வராது. வரவழைத்துப் பார்த்தேன், வரவில்லை. ஸ்பீக்கரை மாட்டி, கம்ப்யூட்டரைப் போட்டதும், திரையில் இருப்பதை வாசிக்கிற அந்த ஆங்கிலக் குரல் பேச ஆரம்பித்தது. நாலு நாளாக யாரும் என்னோடு பேசாமல் இருந்து திடீரென்று பேசியதுபோல இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறேன். நான் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் அது சொல்கிறது. வார்த்தையாகச் சேர்த்து வாசிக்கும்போது மட்டும் வெள்ளைக்காரன் தேவாரம் பாடுகிற மாதிரி இருக்கிறது. பரவாயில்லை. எழுத்துகள் சரியாக விழுந்தால் போதும். நீ நிதானமாகப் படித்துக்கொள். உனக்குத்தான் கண் இருக்கிறதே.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உனக்கே திரும்பச் சொல்லப் போகிறேன். நீ அங்கேதான் இருந்தாய். ஆனால் நீ பார்த்தது வேறு, நான் கேட்டது வேறு. பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வருகிறார்கள் என்று உன் அப்பா ஒரு வாரமாகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மாலை நீ பெங்களூரிலிருந்து வந்தாய். வந்து சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "ம்மா, ஒண்ணும் தப்பா நெனச்சுக்காத. அம்மாவுக்குக் கண்ணுல புரை, கல்யாணம் முடிஞ்சதும் ஆபரேசன்னு அப்பா அவங்ககிட்டச் சொல்லியிருக்கறாரு. அதனால இந்தக் கத்தற சாமானெல்லாம் நாளைக்கு வெளிய வேண்டாம்."

கத்தற சாமான். நீ சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்.

புரை வந்தவள் மூன்று மாதத்தில் பார்ப்பாள். மணி சொல்கிற கடிகாரமும் பேசுகிற கம்ப்யூட்டரும் அவளுக்கு எதற்கு என்று அவர்கள் யோசிப்பார்கள். யோசித்தால் விசாரிப்பார்கள். விசாரித்தால் எட்டு வருஷமாக எனக்குச் சுத்தமாகத் தெரியாது என்பது வெளியே வரும். அதற்குப் பின்னால் வரவேண்டியதும் வரும். கணக்காகத்தான் யோசித்திருக்கிறாய். நானும் தலையாட்டினேன். அதை மறைக்க மாட்டேன். இந்தக் கடிதத்தில் உன்மேல் எவ்வளவு கோபம் இருக்கிறதோ அதில் பாதி என்மேல் இருப்பது அந்தத் தலையாட்டலுக்காகத்தான்.

பிறகு நீயும் நானும் ஒத்திகை பார்த்தோம். சோபாவில் நீ என் வலது பக்கம் உட்காருவாய். யாராவது என் முன்னால் வந்து நின்றால் ஒரு முறை இருமுவாய். நான் எழுந்து கும்பிட வேண்டும். தாம்பூலத் தட்டு இடது பக்கமிருந்து வந்தால் மோதிரத்தால் சோபாக் கட்டையில் ஒரு தட்டு, வலது பக்கமிருந்து வந்தால் இரண்டு தட்டு. என் சத்தங்களையெல்லாம் பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டு, அவற்றுக்குப் பதிலாக நீயே சத்தம் போட உட்கார்ந்தாய். எனக்கு அப்போதே சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

இருமலைப் போய் தேர்ந்தெடுத்தாயே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நீ படித்த படிப்புக்கு அது அவமானம். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, டம்ளர் கருவியை நீ முதலில் செய்தபோது நடந்தது? இரண்டு கம்பி, ஒரு சின்ன பேட்டரி, ஒரு பஸர். டம்ளர் விளிம்பில் மாட்டிவிட்டால் காப்பி கம்பியைத் தொட்டதும் கூவும். முதல் நாள் விளிம்பு வரைக்கும் வந்த பிறகுதான் கூவியது; நான் கையை நிறுத்துவதற்குள் கொதிக்கக் கொதிக்க என் கட்டைவிரலில் வழிந்தது. "நிரம்பின பொறவு சொல்லி என்ன பிரயோசனம், நிரம்பப் போறப்பச் சொல்லோணும்" என்றேன். நீ ஒரு கம்பியை நீட்டமாக்கினாய். ஓர் அங்குலம் இருக்கும்போது விட்டுவிட்டு ஒலிக்கும், விளிம்புக்கு வந்தால் தொடர்ந்து ஒலிக்கும். அன்றைக்கு அது சரியாக இருந்தது. மறுநாள் உன் அப்பாவின் சிநேகிதர்கள் ஆறு பேர் வந்திருந்த நேரத்தில் கரண்ட் போனது. கம்ப்யூட்டரின் யூபிஎஸ் விட்டுவிட்டுக் கூவ ஆரம்பித்தது. அதே சுருதி. டம்ளர்தான் கூவுகிறது என்று நினைத்து நான் கையை நிறுத்தி, நிறுத்தி, ஆறு பேருக்கும் அரை டம்ளர் காப்பி கொடுத்தேன். "ஏனுங்க, உங்கூட்டுல பால் பஞ்சமுங்களா?" என்று ஒருவர் கேட்டாரே! நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்துவிட்டு அன்றைக்கே பஸரை மாற்றினாய். குயில் மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்து மாட்டினாய். "வீட்டுல வேற எதுவும் போடாத சத்தமா இருக்கோணும்மா, அப்பத்தான் அது உனக்குன்னு இருக்கும்" என்று சொன்னது நீதான்.

அப்படிச் சொன்னவன், பெருமாநல்லூர் ரோட்டில், கீழே தையல் மிஷினும் மேலே குடியிருப்புமாக இருக்கிற வீட்டில், பஞ்சுத் தூசிக்கு வருகிறவன் போகிறவனெல்லாம் இருமுகிற வீட்டில், இருமலை அடையாளமாக வைத்தாய்.

அவர்கள் வந்து உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகியிருக்காது. பெண்ணின் மாமா இருமினார். நான் எழுந்தேன். எழுந்து நிதானமாகக் கைகூப்பினேன். கூடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். என் முன்னால் யாருமே இல்லை என்பது அந்த அமைதியில்தான் எனக்குத் தெரிந்தது. உன் மோதிரம்கூட வாயடைத்துப் போயிருந்தது. கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றேன். அந்த நொடியில் பெண்ணின் அம்மா சொன்னார்: "மாமனாரு படத்தப் பார்த்ததும் எந்திரிச்சுக் கும்புடறாங்க பாருங்க. இந்தக் காலத்துல ஆருக்குங்க இந்த மரியாதை வரும்?" எதிர்ச் சுவரில் உன் தாத்தா படம் மாட்டியிருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. உன் அப்பா உடனே, "தினமும் இப்படித்தானுங்க" என்றார். நீ பெருமூச்சு விட்டாய். எனக்குக் கேட்டது. பிறகு ஆளாளுக்கு என்னைப் புகழ்ந்தார்கள். இவ்வளவு அமைதியான மாமியார் கிடைக்க அந்தப் பெண் கொடுத்து வைத்திருக்க வேண்டுமாம்.

அவர்கள் போனதும் உன் அப்பா சிரித்த சிரிப்பில் நீயும் சேர்ந்துகொண்டாய். "ம்மா, நீ நடிக்கப் போயிருக்கலாம்" என்றாய். நானும் சிரித்தேன் என்று நினைத்திருப்பாய். நன்றாக யோசித்துப் பார், என் சத்தம் அதில் இருந்ததா?

உன் கல்லூரிக் கடைசி வருஷத்தில் இதே கருவியை வைத்து நீ பரிசு வாங்கினாய். என்னை அழைத்துப் போய் மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாய். மைக்குக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்து என்னைத் தண்ணீர் ஊற்றச் சொன்னாய். குயில் கூவியதும் அந்த அரங்கமே கைதட்டியது. "கண் தெரியாத என் அம்மாவுக்காகச் செய்தேன்" என்றாய், குரல் தழுதழுக்க. வேலைக்கான இன்டர்வியூவிலும் அதைத்தான் சொன்னேன், அதைக் கேட்டுத்தான் எடுத்தார்கள் என்று நீயே போனில் சொன்னாய். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை, அதையும் மறைக்கவில்லை. மேடையில் உனக்குக் கண் தெரியாத அம்மா வேண்டியிருந்தது. கூடத்தில் வேண்டியிருக்கவில்லை. தேவைப்படும்போது போட்டு, தேவைப்படாதபோது அணைக்க நான் என்ன பஸரா?

ஞாயிறு மாலை பெட்டியை எடுத்துக் கொடு என்று கேட்டேன். "நிச்சயம் முடியட்டும்மா, அவங்க ஆளுங்க யாராச்சும் சொல்லாம வந்துட்டா?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாய். அதன் பிறகு நான் இருந்த நாட்களைப் பற்றி உனக்குத் தெரிய நியாயமில்லை. திங்கட்கிழமை எத்தனை முறை மணி கேட்டேன் என்று எனக்கே தெரியாது. ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டேன், பசித்தபோது சாப்பிட்டேன். கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற மெயிலெல்லாம் ஐந்து வருஷமாக நான்தான் படித்துப் பதில் போடுகிறேன். ஸ்பீக்கர் இல்லாத கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விசைகளைத் தட்டிப் பார்த்தேன். எதுவும் பேசவில்லை. பதில் வராத வீட்டின் கதவைத் தட்டுவது போல இருந்தது. மெயிலை ஆபீஸ் பெண்ணைவிட்டுப் படிக்கச் சொல்லிவிட்டார் உன் அப்பா. "ரெண்டு வாரம் ரெஸ்ட் எடு புள்ள" என்றார். எனக்குக் கண் போனது எட்டு வருஷம் முன்னால் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இல்லை. அன்றைக்குத்தான் போனது.

கண் போன புதிதில் நானும் இதே மாதிரி ஒளித்திருக்கிறேன். ஆபீஸில் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆபீஸ் பெண் சத்தமாகப் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்து, நானே படித்ததுபோல உன் அப்பாவிடம் சொல்வேன். நீ கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்தபோது யாரிடமோ வாங்கி வந்து அந்தப் பேசும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாயே, நாற்பது நிமிஷம் பேசிவிட்டு நின்றுவிடும், அணைத்துப் போட்டால்தான் மறுபடி பேசும், அந்த நாட்களில் மூன்று மாதம் காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்டேன். வெளியே கேட்டால் வெட்கம். ஒரு நாள் ஒயர் கழன்று, தையல் பிரிவு வரைக்கும் கேட்கிற மாதிரி அந்தக் குரல் ஒரு மெயிலைப் படித்துவிட்டது. தென்காசிப் பக்கமிருந்து வந்து டெய்லராக இருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, யாரு இந்த வெள்ளைக்காரன்? இம்புட்டு வேகமா பேசுதான், உங்களுக்கு வெளங்குதா?" என்று கேட்டாள். விளங்குகிறது என்றேன். "யாத்தி, பெரிய ஆளுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் காதில் எதையும் மாட்டவில்லை. அந்தப் பெண்ணுக்கு இருந்த தெளிவு நம் வீட்டு ஆண்கள் இரண்டு பேருக்கும் இல்லையே என்பதுதான் என் எரிச்சல்.

இனி நான் எழுதப் போவது உனக்குப் பிடிக்காது. இதைவிடப் பெரிய ஒளிப்பு ஒன்று இருக்கிறது, அது என்னுடையது. எனக்குப் பதினைந்து வயதிலிருந்தே இருட்டினால் கண் தெரியாது. என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும். உன் அப்பா என்னைப் பார்க்க வந்தது பகலில். முகூர்த்தம் விடிகாலை, மணமேடைக்கு என் சித்தி என் முழங்கையைப் பிடித்து நடத்திப் போனாள். பெண்ணுக்கு வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் பி.எஸ்ஸி. படித்தவள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்யாணமான நாலாம் நாள் பொழுது சாய்ந்த பிறகு வாசலில் கட்டியிருந்த எருமை மேல் நான் மோதி விழுந்தபோதுதான் உன் அப்பாவுக்குத் தெரிந்தது. அவர் கத்தவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குள் செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடக்க ஆரம்பித்தார், எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டுமென்று. இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான் நடக்கிறார். யாரும் கேட்டுச் செய்த உதவி அல்ல அது. நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். அவரிடமிருந்து கற்றுக்கொள்ள இது ஒன்றாவது இருக்கிறது. உன் பெண்டாட்டிக்குக் கண் நன்றாகத் தெரிந்தாலும் அவளிருக்கிற அறையைவிட்டுப் போகும்போது போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போ. தலையாட்டிப் பதில் சொல்லாதே, வாயைத் திறந்து சொல்.

அந்த மனிதரிடம்தான் திங்கட்கிழமை கேட்டேன், "உங்ககிட்ட மறைச்சதையே இன்னொரு ஊட்டுல நாம மறைக்கறது நாயமுங்களா?" என்று. அவர் சொன்னார்: "அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருந்தா உன்னையக் கட்டியிருப்பனா? கட்டியிருக்க மாட்டேன். எங்கப்பன் உட்டிருக்காது. கட்டாமப் போயிருந்தா உன்ர மகன் ஏது, இந்தக் கம்பெனி ஏது? சொல்லாம இருந்ததுனாலதான் நல்லது நடந்துச்சு புள்ள." இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு பெண்ணுக்கு இந்த உண்மை கிடைக்கிறது. அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் தனக்கு எது வேண்டுமென்று அவர் முடிவு செய்யும் உரிமையை என் வீட்டார் திருடினார்கள், நான் துணை போனேன். விளைந்தது நல்லதாக இருந்ததால் திருட்டு திருட்டில்லை என்று ஆகிவிடுமா?

உனக்குப் பதினாலு வயதிருக்கும்போது கோயம்புத்தூரில் கண் டாக்டர் சொன்னபோது நீ என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். என் அப்பா அம்மா சொந்தத்தில் கட்டியவர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இது பிறவியிலேயே வருவது, விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும், மருந்தில்லை என்றார். உன் கண்ணைப் பார்த்துவிட்டு, "பையனுக்கு வராதுங்க. ஆனா அவன் உடம்புல ஒளிஞ்சிருக்கும். கட்டற பொண்ணுகிட்டயும் அதே ஒளிஞ்சிருந்தா குழந்தைக்கு வரலாம். சொந்தத்துல மட்டும் கட்டிராதீங்க" என்றார். வெளியே வந்ததும் நீ, "ம்மா, நான் சொந்தத்துல கட்ட மாட்டேன்" என்றாய். இப்போது பார்த்திருக்கிற பெண்ணின் அம்மா வழியும் என் அம்மா பிறந்த வழியும் மூன்று தலைமுறைக்கு மேலே ஒரே குடும்பம். தூரத்துச் சொந்தம், அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்கிறார் உன் அப்பா. ஆகாமலே போகலாம். ஆகலாம். உனக்கு இது தெரியும். தெரிந்தேதான் டேப் போட்டு ஒட்டினாய். கண் தெரியாத குழந்தை பிறந்துவிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை; பிறந்தால் அதற்கும் குயிலும் குரலும் நான் சொல்லிக் கொடுப்பேன். அதைப் பெறப் போகிறவள் தெரிந்து பெற வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் போன் அடித்தது. போனில் பேர் சொல்லும் குரலையும் நீ அணைத்துவிட்டுப் போயிருந்ததால் யாரென்று தெரியாமலே எடுத்தேன். அந்தப் பெண். நித்யா. அவள் டீச்சராக இருக்கிற உடுமலைப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது, பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். "அத்தைங்களா? நாந்தானுங்க. உங்க கண்ணு ஆபரேசன் எப்பங்க? பரீட்சை லீவுல வெச்சீங்கன்னா நான் வந்து ஒரு வாரம் கூட இருந்து பாத்துக்கறனுங்க. சொட்டு மருந்து நேரத்துக்கு உடோணுமாமுங்க, மாமாவுக்கு அதெல்லாம் தெரியாதுங்களே" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாக்கலாஞ் சாமி" என்றேன். "குளிருல உங்களுக்கு இருமல் இருக்குதுங்களா? அன்னைக்கு உங்கூட்டுல எல்லாரும் இருமுனாங்கன்னு அம்மா சொல்லுச்சு" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். பிறகு அடுப்படிக்குப் போய், அடுப்பைப் பற்ற வைக்காமல், வெறுமனே நின்றேன். இல்லாத ஆபரேஷனுக்கு லீவு போடுகிறேன் என்கிற பெண்ணிடம் பொய் சொல்லியிருக்கிறேன். உன் பொய் இல்லை, உன் அப்பாவின் பொய் இல்லை. என் வாயால், என் குரலால்.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. உன் அப்பா காலையில் சாயப்பட்டறைக்குப் போய்விடுவார். நான் ஆட்டோ பிடித்து பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உடுமலை பஸ்ஸில் ஏறப் போகிறேன். தனியாக அவ்வளவு தூரம் போனதில்லை. கேட்டுக் கேட்டுப் போவேன். சாப்பாட்டு மணிக்கு முன்னால் அவள் பள்ளிக்கூட வாசலில் இருப்பேன். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அவளிடம் சொல்வேன். ஆபரேஷன் எதுவும் கிடையாது என்று சொல்வேன். நீ நல்லவன் என்றும் சொல்வேன், அது உண்மையென்பதால். அவள் கேட்கிற எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, அவள் வேண்டாம் என்றால் அதை அவள் வீட்டாரிடம் அவள் விருப்பப்படி சொல்லிக்கொள்ளட்டும் என்று எழுந்து வருவேன். இது உன் அப்பாவுக்குத் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. திரும்பி வந்த பிறகுதான் இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பப் போகிறேன். ஆகவே என்னைத் தடுக்கப் போனை எடுக்காதே. நீ இந்த வரியைப் படிக்கும்போது அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.